செட்டிகுளத்துக் குழாய்க்கிணற்று நீரைப் பகுப்பாய்வுக்குக் கொடுத்த அனுபவம்

வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கத்தில் எங்கள் கிராமத்துப் பொதுக் குழாய்க்கிணற்றின் நீரை முறையாகப் பரிசோதிப்பது என்று நீர்ப் பாவனையாளர் சங்கம் தீர்மானித்தது, நீர் வடிகட்டும் பொறி விற்கும் ஒருவர் வந்துபோன பின்னர்தான். அவர் எங்கள் நீரை ஒரு கண்ணாடிக் குவளையிலும் தமது பொறியில் வடித்த நீரை இன்னொரு குவளையிலும் ஊற்றி, இரும்புக் கம்பிகள் பொருத்திய சிறிய மின்கருவி ஒன்றை இரண்டிலும் அமிழ்த்தி ஆளியை அழுத்தினார். சில நிமிடங்களில் எங்கள் குவளை துருநிறமாகிக் கசடு திரண்டது. அவருடைய குவளை தெளிவாகவே இருந்தது. கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் அன்றே முற்பணம் கட்டத் தயாராகிவிட்டார்கள்.

அந்தக் கசடு நீரில் இருந்ததன்று, கம்பியிலிருந்து வந்தது. உப்புகள் கரைந்த நீர் மின்னைக் கடத்தும்போது நேர்மின்வாயாகிய இரும்பு கரைந்து, ஐதரொட்சைட்டாகி வீழ்படியும். உப்புகள் நீக்கப்பட்ட நீரில் மின்னோட்டம் பெரும்பாலும் இல்லாததால் கம்பி கரைவதில்லை. அந்தக் குவளையிலும் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டிருந்தால் அதுவும் துருநிறமாகியிருக்கும். உயர்தரத்தில் இரசாயனம் படிக்கும் பிள்ளைகளே இதைச் சபையில் எடுத்துச் சொன்னார்கள். ஆனாலும் விற்பனையாளர் கிளப்பிய அச்சத்தை முழுப் பொய் என்று ஒதுக்கிவிட எங்களால் முடியவில்லை. வடமத்திய மாகாணத்தில் 1990களில் முதலில் கவனிக்கப்பட்ட, காரணம் இன்னும் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரின் பற்களில் மஞ்சட் கறை இருப்பதையும் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறோம். "உந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே தம்பி நாங்கள் இவ்வளவு பேரையும் வளர்த்தனாங்கள்" என்று அயலிலுள்ள ஆச்சி ஒருவர் கேட்டதற்கும் எங்களிடம் நேரான பதில் இருக்கவில்லை.

பொருளாளர் என்ற முறையில் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்ட முதற் கேள்வியே என்னை யோசிக்க வைத்தது: "ஐயா, என்ன இருக்கென்று சந்தேகப்படுறியள்?" எல்லாவற்றையும் பார்த்துத் தாருங்கள் என்று ஆய்வுகூடத்தில் கேட்க இயலாது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனிக் கட்டணமும் தனி முறையும், சிலவற்றுக்குத் தனிப் போத்தலும் உண்டு. பீடைகொல்லிகளைத் தேடுவது வேறு வகைக் கருவிகளையும் பெருஞ்செலவையும் கேட்கும் வேலை என்பதால் அதை இப்போதைக்கு விட்டுவிட்டோம்.

எதைத் தேடுவது என்பதை நிலமே ஓரளவு சொல்லிவிடுகிறது. மன்னார், பூநகரிப் பக்கங்களில் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கடலும் அருகில் என்பதால் அங்குள்ளவர்கள் முதலில் உப்புத்தன்மையைக் காட்டும் குளோரைட்டையே கேட்பார்கள். வவுனியாப் பக்கம் இருப்பதோ மிகப் பழைய உருமாறிய பாறை. புவிச்சரிதவியலாளர் அப்பாறைத் தொகுதிக்கு வன்னியின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அதிலுள்ள அபற்றைற்று, கருமைக்கா முதலிய கனிமங்களிலிருந்து, பற்களிற் கறையை உண்டாக்கக்கூடிய புளோரைட்டு மெல்ல மெல்ல நீரிற் கரைகிறது. பாறையோடு நீர் நெடுங்காலம் தங்கியிருக்கும் ஆழக் குழாய்க்கிணறுகளில் அது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. ஆழமற்ற கட்டுக்கிணறாயின் வயலிலிருந்து இறங்கும் பசளையும் மலசலகூடக் குழியின் கசிவும் முதற் கவலையாக இருந்திருக்கும். ஆகவே வன்மை (கரைந்துள்ள கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் அளவு), புளோரைட்டு, நைத்திரேற்று, கடத்துதிறன் (நீர் மின்னைக் கடத்தும் அளவு), பீஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), மலக்கசிவைக் காட்டக்கூடிய கொலிபோம் பற்றீரியா ஆகியவற்றோடு, பொசுபேற்றுப் பசளையில் மாசாக வரக்கூடிய கட்மியத்தையும், ஆசனிக்கு, ஈயம் என்பவற்றையும் சேர்த்து விண்ணப்பத்தை நிரப்பினோம்.

மாதிரி எடுக்கும் விதத்தைப் பற்றி ஆய்வுகூடத்தில் சொல்லித்தந்தவை, பின்னர் கிடைத்த எண்களைவிட எனக்குப் பெறுமதியாகத் தோன்றின. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் சோடாப் போத்தலில் கொண்டுவந்த நீரை அவர்கள் ஏற்கவேயில்லை. எங்களுக்கு மூன்று விதமான போத்தல்கள் தரப்பட்டன. பொதுவான அயன்களுக்குப் பொலித்தீன் போத்தல். புளோரைட்டு கண்ணாடியோடு தாக்கமடையக்கூடியது என்பதால் அதற்கும் இதுவே. உலோகங்களுக்கான போத்தலில் சில துளி செறிந்த நைத்திரிக்கமிலம் ஏற்கனவே விடப்பட்டிருந்தது. பீஎச் 2 இற்குக் கீழே இல்லாவிட்டால் ஈயமும் கட்மியமும் போத்தற் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரில் இருந்தும் இல்லாதவைபோலக் காட்டும். பற்றீரியாவுக்கானது கிருமியழித்த கண்ணாடிப் போத்தல். முதலாவதை அதே கிணற்று நீரால் மும்முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். மற்ற இரண்டையும் அலசவே கூடாது, அலசினால் அமிலமும் போய்விடும், கிருமியழித்த பயனும் போய்விடும்.

குழாயில் முதலில் வரும் நீர் இரும்புக் குழாய்க்குள் இரவு முழுவதும் தேங்கிக் கிடந்தது. அதைப் பரிசோதித்தால் குழாயைப் பரிசோதித்ததாகத்தான் முடியும். இரவலாகத் தந்த கைக்கருவியில் கடத்துதிறன் வாசிப்பு ஒரே நிலையில் நிற்கும்வரை இளைஞர்கள் முறைவைத்துக் கைப்பம்பியை அடித்தார்கள். பின்னர் குழாய் வாயைத் தீச்சுவாலையாற் சுட்டு, போத்தலின் மூடியைக் கீழே வைக்காமல் கையில் கவிழ்த்துப் பிடித்தபடி பற்றீரியா மாதிரியை எடுத்தோம். இடம், திகதி, நேரம், வெப்பநிலை ஆகியவற்றை நீரில் அழியாத மையால் எழுதி, ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டியில் அடுக்கி, அன்று காலையிலேயே பஸ்ஸில் கொண்டுபோனோம். நைத்திரேற்றுக்குக் குளிரில் வைத்தாலும் 48 மணித்தியாலந்தான் கெடு. பற்றீரியாவுக்கு அதைவிடக் குறைவு.

ஆய்வுகூடத்தின் தொழினுட்ப அலுவலர், எங்கள் பக்கத்துப் பிள்ளை, இரண்டு அளவீடுகளைக் கிட்ட நின்று பார்க்க அனுமதித்தார். வன்மையை அறிய எங்கள் நீரில் 50 மில்லிலீற்றரைக் குழாயி என்னும் அளவுக் குழாயால் எடுத்து, பீஎச் 10 இல் வைக்கும் அமோனியாத் தாங்கற் கரைசலும் நிறமாற்றத்தால் முடிவைக் காட்டும் எரியோகுரோம் கறுப்பு என்னும் காட்டியும் சேர்த்தபோது குடுவை நாவற்பழச் சாறுபோல் சிவந்தது. திருகு பொருத்திய, அளவு குறித்த நீண்ட குழாயாகிய அளவியிலிருந்து 0.01 மூலர் ஈடீடீஏ கரைசல் துளித்துளியாக இறங்கியது. நீரிலுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் அது தன்னோடு பிணைத்துக்கொண்டு, முடிவில் காட்டியிடம் இருப்பதையும் பறித்துக்கொள்கிறது. கடைசி மகனீசியமும் போனவுடன் சிவப்பின் சாயலே இல்லாத தெளிந்த நீலம் வருகிறது. அந்த இறுதித் துளிகளுக்கு முன் அவர் அளவியின் திருகை மூடி, குடுவையை வெள்ளைத் தாளின் மேல் பிடித்துச் சுழற்றி, சற்றுப் பொறுத்துப் பிறகே அடுத்த துளியை விட்டார். 20.5 மில்லிலீற்றர் முடிந்திருந்தது. இந்தச் செறிவில் ஒரு மில்லிலீற்றர் ஒரு மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமன் என்பதால், லீற்றருக்கு 410 மில்லிகிராம் என்று கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இலங்கைத் தர நிர்ணயமான எஸ்எல்எஸ் 614 இன் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு 250 ஐயே எல்லையாக வைக்கிறது. எங்கள் கேத்தல்களின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்புக்கு விளக்கம் கிடைத்தது. வேறு எந்தப் பரிசோதனையும் இவ்வளவு வெளிப்படையாக இருக்கவில்லை.

புளோரைட்டு அளவீட்டில் பார்ப்பதற்கு நிறமொன்றும் இல்லை. நுனியில் இலந்தனம் புளோரைட்டுப் பளிங்கு பொருத்திய மின்வாயை நீரில் அமிழ்த்தி மில்லிவோற்றை வாசிக்கிறார்கள். அதற்கு முன் மாதிரியின் கனவளவுக்குச் சமனாக ஒரு தாங்கற் கரைசலைச் சேர்க்கிறார்கள். அதன் வேலை பல. அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் புளோரைட்டை அது விடுவிக்கிறது. பீஎச்சை 5 இற்கும் 5.5 இற்கும் இடையில் நிறுத்துகிறது. காரத்தன்மை கூடினால் ஐதரொட்சைட்டு அயனையும் புளோரைட்டென்று மின்வாய் எண்ணிவிடும். அமிலத்தன்மை கூடினால் புளோரைட்டு ஐதரசனோடு சேர்ந்து மறைந்துவிடும். செறிவு பத்து மடங்கானால் வாசிப்பு 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 59 மில்லிவோற்று மாறும். ஆகவே ஒரேயொரு மில்லிவோற்றுப் பிசகு, விடையில் ஏறத்தாழ 4 சதவீதப் பிசகு. இதற்காகவே அவர் செறிவு தெரிந்த நியமக் கரைசல்களை முதலில் வாசித்து, எங்கள் மாதிரியை இருமுறை வாசித்து, இடையில் மறுபடியும் ஒரு நியமத்தை வைத்துச் சரிபார்த்தார்.

அறிக்கை கைக்குக் கிடைத்தபோது புளோரைட்டு 1.2 என்றிருந்தது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டற் பெறுமானம். எஸ்எல்எஸ் 614 இல் எல்லை 1.0. எதை எடுப்பது என்று சங்கத்தில் வாதம் நடந்தது. கோடையில் வயலில் நிற்பவர் நாளொன்றுக்குக் குடிக்கும் நீரின் அளவை நினைத்தால் குறைந்த எண்ணையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நாட்டின் தரமும் அதுவே என்பதால் வாதம் நீளவில்லை. கொதிக்கவைத்தால் போய்விடாதா என்று கேட்டவர்களுக்கு, வன்மையில் ஒரு பகுதி கேத்தலில் படிந்து குறையலாம், ஆனால் புளோரைட்டு ஆவியாவதில்லை, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும் என்று விளக்கினோம். பற்றீரியா வரி நன்றாகவே இருந்தது.

நைத்திரேற்று வரியில் 7 என்றிருந்ததைக் கண்டு, எல்லை 50 தானே என்று சிலர் ஆறுதலடைந்தார்கள். அந்த வரியில் "நைதரசனாக" என்ற சிறு சொல் இருந்தது. நைதரசனாகக் கூறப்பட்ட எண்ணை 4.43 ஆற் பெருக்கினால்தான் நைத்திரேற்றாக வரும். அப்போது அது 31. எல்லைக்குள் என்பது உண்மைதான், ஆனால் கைக்குழந்தைகள் உள்ள வீடுகளில் அலட்சியப்படுத்தக்கூடிய அளவு அன்று. பெரும்போகத்திற்கு யூரியா வீசிய பின் மீண்டும் பார்க்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தோம்.

கட்மியம், ஆசனிக்கு, ஈயம் மூன்றுக்கும் நேரே "கண்டறியப்படவில்லை" என்று மட்டும் இருந்தது. இவ்விடத்தில் நான் சற்றுப் பிடிவாதமாக நின்றேன். உலோகங்களை அளக்கும் கருவியாகிய அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் மாதிரியைச் சுவாலைக்குள் தெளித்து அளக்கும் முறை ஒன்று. காரீயக் (ஈயமன்று, பென்சிற்கரியாகிய கிறபைற்று) குழாய்க்குள் ஒரு துளியைச் சூடாக்கி அளக்கும் முறை மற்றொன்று. ஈயத்துக்கு எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். அந்த நுண்ணளவைச் சுவாலை முறையால் நம்பகமாகப் பிடிக்க இயலாது. எல்லையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தாலும் அது "கண்டறியப்படவில்லை" என்றே வரலாம். எந்த முறை, கண்டறியும் எல்லை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டபோது முகப்பில் இருந்தவருக்கு எரிச்சல் வந்தது. பிறகு மேலதிகாரி ஒருவர், கேட்பது நியாயம் என்று சொல்லி, காரீயக் குழாய் முறையே பயன்படுத்தப்பட்டது என்பதையும், ஒவ்வோர் உலோகத்துக்குமான கண்டறியும் எல்லையையும் எழுதி முத்திரையிட்டுத் தந்தார். மூன்றும் தரத்தின் எல்லைகளுக்கு நன்கு கீழே இருந்தன. அந்த ஓர் இணைப்புத் தாளுக்காக அலைந்தது வீண் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள்; எனக்கு அது இல்லாத அறிக்கை அரைகுறை அறிக்கைதான்.

இப்போது அந்தக் கிணற்று நீரைக் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் தோட்டத்துக்கும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து மழைநீர்த் தொட்டியை நிரப்பும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். நீரிலுள்ள உப்புகளை நுண்சவ்வால் நீக்கும் எதிர்ச்சவ்வூடு பரவற் பொறி ஒன்றைப் பின்னர் வாங்குவதானால், அது கழிக்கும் செறிந்த உப்புநீரை எங்கே விடுவது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். கிணற்றடியிலேயே விட்டால் அது திரும்பவும் அதே கிணற்றுக்கு இறங்கும்.

இதே வழியில் போக நினைப்பவர்கள் போத்தல்களை முன்கூட்டியே ஆய்வுகூடத்திலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையில் மாதிரி எடுக்காதீர்கள், வார இறுதியில் பற்றீரியாப் பரிசோதனையைத் தொடங்க ஆளிருக்காது. விண்ணப்பத்தின் அடியில் அளவீட்டு முறையையும் கண்டறியும் எல்லையையும் அறிக்கையிலேயே தரும்படி ஒரு வரி எழுதிவிடுங்கள்.