ஓடிடி பங்குகள்: காசு கடைசியில் யாரிடம் தங்குகிறது?

2025 மே மாதம் அமெரிக்காவில் டிவி பார்த்த நேரத்தில் 44.8 சதவீதம் ஸ்ட்ரீமிங்குக்குப் போனதாக டிவி பார்வையை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குச் சொன்னது. கேபிளும் (24.1) ஆன்டெனா சேனல்களும் (20.1) சேர்ந்தாலும் அதற்குக் கீழேதான். நீல்சன் கணக்கில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. இந்த மாதிரிச் செய்தியைப் படித்த கையோடு ஏதாவது ஒரு ஓடிடி பங்கை வாங்கிப் போடத் தோன்றும். பார்வையாளர் எந்தப் பக்கம் போகிறார் என்பதில் சந்தேகமில்லை. லாபமும் அதே பக்கம் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டிஸ்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூலை-செப்டம்பர் காலாண்டில் மட்டும் ஸ்ட்ரீமிங்கில் 147 கோடி டாலர் நஷ்டம். முதல் லாபம் வந்தது 2024 ஏப்ரல்-ஜூன் காலாண்டில், அதுவும் 4.7 கோடி டாலர்தான். இதற்கிடையே கேபிள் சேனல்களின் வருமானம் தேய்ந்துகொண்டே போனது. தன் பழைய வாடிக்கையாளரையே குறைந்த விலைக்குப் புதுக்கடையில் சேர்க்கும் கம்பெனிக்கு, மாற்றம் நடப்பதே செலவு.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, படம் எடுக்கும் செலவை யார் தலையில் சுமக்கிறார்கள் என்பது. அதே நீல்சன் பட்டியலில் யூடியூப் 12.5 சதவீதம், நெட்ஃபிளிக்ஸ் 7.5 சதவீதம். யூடியூப் முன்பணம் போட்டு வீடியோ எடுப்பதில்லை. நீள வீடியோக்களில் விளம்பர வருமானத்தின் 55 சதவீதத்தைப் படைப்பாளிக்குக் கொடுக்கிறது. விளம்பரம் வந்தால்தான் செலவு. நெட்ஃபிளிக்ஸ் நேர்மாறு: படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் முன்கூட்டியே போய்விடும். யூடியூப்பை மட்டும் தனியாக வாங்க வழியில்லை என்பதுதான் சிக்கல். அது கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட்டுக்குள் இருக்கிறது, அங்கே லாபத்தின் பெரும்பங்கு கூகுள் தேடலில் இருந்து வருகிறது.

நெட்ஃபிளிக்ஸின் ஆண்டறிக்கையைத் திறந்தால் லாப நஷ்டக் கணக்கைத் தாண்டி நேரே கேஷ் ஃப்ளோ (பண வரத்து-போக்கு) பக்கத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு வரிகள். ஒன்று, இந்த வருடம் படங்கள், தொடர்களுக்காகக் கையை விட்டுப் போன பணம். இன்னொன்று அமார்ட்டைசேஷன், அதாவது இந்த வருடச் செலவாக எழுதப்பட்ட தொகை. ஒரு தொடருக்கு இன்று 100 டாலர் கொடுத்தால் அது முழுவதும் இந்த வருடச் செலவில் ஏறாது. வெளியான மாதத்திலிருந்து சில வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். சராசரியாக 90 சதவீதத்துக்கு மேல் நான்கு வருடத்துக்குள் எழுதி முடிகிறது. கம்பெனி வேகமாக வளரும்போது போகும் பணம் அதிகம், எழுதும் செலவு குறைவு. அப்போது ஏட்டில் லாபம் தெரியும், கல்லாவில் இருக்காது.

2019-இல் அதுதான் நடந்தது. நிகர லாபம் சுமார் 187 கோடி டாலர், ஃப்ரீ கேஷ் ஃப்ளோ, அதாவது செலவெல்லாம் போகக் கையில் மிஞ்சும் பணம், மைனஸ் 330 கோடி டாலர். பள்ளத்தைக் கடன் பத்திரம் விற்று நிரப்பினார்கள். கையை விட்டுப் போன பணத்தை அமார்ட்டைசேஷனால் வகுத்தால் அன்று 1.6 மடங்கு அளவில் வரும். 2024-இல் 1.1 பக்கம் இறங்கிவிட்டது. அந்த வருடம் விற்பனை 3,900 கோடி டாலர், ஆப்பரேட்டிங் மார்ஜின் (விற்பனையில் தொழில் லாபத்தின் பங்கு) 27 சதவீதம், ஃப்ரீ கேஷ் ஃப்ளோ 690 கோடி டாலர். இந்த விகிதம் இறங்கி நிலைத்த கம்பெனியும் இன்னும் 1.5-இல் நிற்கும் கம்பெனியும் ஒரே பிஇ (ஒரு பங்கின் லாபத்தைப்போல் எத்தனை மடங்கு விலை) விலையில் கிடைத்தால், அவை ஒரே விலை அல்ல.

விகிதம் 1-க்குக் கீழே போனால் உடனே கைதட்டிவிடக் கூடாது. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்ததால் படப்பிடிப்புகள் நின்றன, பணம் வெளியே போவது குறைந்தது, கேஷ் ஃப்ளோ அழகாகத் தெரிந்தது. அந்த ஒரு வருடத்தை அடிப்படையாக வைத்து மதிப்புப் போட்டால் கணக்கு தப்பும். மூன்று வருடச் சராசரி எடுங்கள். கூடவே அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில், படங்களுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட தொகையையும் பாருங்கள். 2024 முடிவில் அது 2,300 கோடி டாலருக்கு மேல், அதில் ஒரு பகுதி பேலன்ஸ் ஷீட்டிலேயே ஏறாதது.

சந்தாதாரர் எண்ணிக்கையை நம்பி வாங்கியவர்களுக்கு 2022 ஏப்ரல் நல்ல பாடம். ஒரு காலாண்டில் 2 லட்சம் பேர் குறைந்தார்கள், மறுநாள் பங்கு 35 சதவீதம் விழுந்தது. 2025 முதல் அந்த எண்ணை நெட்ஃபிளிக்ஸ் ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுவதே இல்லை.

'நேரடி ஓடிடி வேண்டாம், அதற்குச் சாமான் விற்பவரை வாங்கலாம்' என்பது அடுத்து வரும் யோசனை. பாதிதான் சரி. டிவியில் ஓடிடி பார்க்க உதவும் பெட்டியை விற்கும் ரோகு, அதை அடக்க விலைக்கும் கீழே விற்கிறது. வருமானம் விளம்பரத்திலும், தன் வழியாகச் சேரும் சந்தாவில் எடுக்கும் பங்கிலும். நுழைவாயிலில் நிற்பவனுக்குப் பலம் உண்டு: 2020 மே மாதம் தொடங்கிய ஓடிடி சேவை எச்பிஓ மேக்ஸ், டிசம்பர் வரை ரோகுவில் வரவே முடியவில்லை. ஆனால் அதே நுழைவாயிலுக்கு அமேசானும் கூகுளும் சாம்சங்கும் போட்டி. டிவி விற்றுக் கொடுக்கும் வால்மார்ட்டே 2024 டிசம்பரில் டிவி கம்பெனியான விசியோவை 230 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2021 ஜூலையில் 480 டாலரை ஒட்டி நின்ற ரோகு பங்கு, 2022 முடிவில் 40 டாலர் அளவில் இருந்தது. வீடியோவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிடிஎன் கம்பெனிகளின் கதை இன்னும் மோசம். டிராஃபிக் கூடிக்கொண்டே போகும், ஒரு ஜிபிக்கான விலை இறங்கிக்கொண்டே போகும், பெரிய வாடிக்கையாளர் ஒருநாள் தானே சர்வர் வைத்துக்கொள்வார். நெட்ஃபிளிக்ஸ் அப்படித்தான் ஓப்பன் கனெக்ட் என்ற சொந்த சர்வர் வலையை அமைத்தது. சிடிஎன் கம்பெனியான எட்ஜியோ 2024 செப்டம்பரில் திவால் மனு போட்டது.

இந்தியச் சந்தையில் 'சுத்த ஓடிடி' பங்கு என்று சொல்லும்படி பெரிய கம்பெனி எதுவும் பட்டியலில் இல்லை. ஜியோஹாட்ஸ்டாரை நடத்தும் கம்பெனி பட்டியலிடப்படாதது. ரிலையன்ஸை வாங்கினால் எண்ணெய், சில்லறைக் கடை, தொலைபேசி எல்லாம் சேர்த்துத்தான் வரும். 2023-27 ஐபிஎல் உரிமைக்கு மொத்தம் 48,390 கோடி ரூபாய் ஏலம் போனதைப் பார்த்தால் இங்கே காசு யாரிடம் போய்ச் சேர்கிறது என்பது புரியும்: கிரிக்கெட் வாரியத்திடமும், அதில் பங்கு பெறும் அணிகளிடமும். சன் டிவி நெட்வொர்க்கிடம் ஒரு ஐபிஎல் அணியே இருப்பதால் அந்தப் பங்கை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். அணியின் வருமானம் பெரும்பாலும் ஏப்ரல்-ஜூன் காலாண்டில் விழும், அதனால் முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டால் தவறான படம் கிடைக்கும். போன வருட அதே காலாண்டோடு ஒப்பிட்டு, கம்பெனி தனியாகத் தரும் ஐபிஎல் வருமானத்தையும் செலவையும் கழித்துவிட்டு, மிச்சமுள்ள விளம்பர வருமானம் தேய்கிறதா என்று பாருங்கள். சேனல் தொழிலின் உண்மையான உடல்நிலை அங்கேதான் தெரியும்.

அமெரிக்கப் பங்குகளை இந்தியாவில் இருந்து வாங்குபவர்களுக்குச் செலவுக் கணக்கு வேறு. எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி தரும் திட்டம்) வழியில் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கும். வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ஆனாலும் அதுவரை பணம் முடங்கும். அமெரிக்காவில் வசிக்காதவர் என்று சொல்லும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்திருந்தால் டிவிடெண்டில் 25 சதவீதம் அங்கே பிடிப்பார்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் இங்கே 12.5 சதவீத வரி. பலருக்குத் தெரியாதது எஸ்டேட் வரி: அங்கே வசிக்காத ஒருவர் இறக்கும்போது அவர் பெயரில் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கச் சொத்து இருந்தால் வாரிசுகள் அந்த வரியை எதிர்கொள்ள வேண்டும். பங்கும் அதில் சேரும். ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான பகுதியான ஷெட்யூல் எஃப்ஏவில் காட்டும்போது நிதியாண்டை எடுக்காதீர்கள், ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டர் ஆண்டை எடுங்கள். டிசம்பருக்குள் முழுவதும் விற்றுவிட்டாலும், அந்த வருடத்தில் ஒருநாள் வைத்திருந்தாலே பதிவு செய்ய வேண்டும்.