சுகர் நார்மல், ஆனால் மாதவிலக்கு தள்ளிப் போகிறதா?

வெறும் வயிற்றில் எடுத்த சுகர் 92. லேபில் "நார்மல்" என்று சொல்லிவிடுவார்கள். மாதவிலக்கு மட்டும் நாற்பது, ஐம்பது நாளுக்கு ஒருமுறை வரும். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம். பிசிஓஎஸ் (PCOS) என்னும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் இப்படித்தான் பலருக்கு நடக்கும்.

தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் சரியாக மசியாதபோது கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். அதனால்தான் சுகர் பல வருஷம் நார்மலாகவே காட்டும். ஆனால் சினைப்பை அப்படி முரண்டு பிடிப்பதில்லை. ரத்தத்தில் கூடிக் கிடக்கும் இன்சுலினை அது முழுசாக ஏற்றுக்கொண்டு, முட்டையை வெடிக்கவைக்கும் எல்ஹெச் ஹார்மோனோடு சேர்ந்து, ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அந்த ஆண்ட்ரோஜனைக் கட்டிப்போடும் புரதத்தை ஈரல் குறைத்துவிடும். சுமார் 20 மி.மீ. வளர்ந்து வெடிக்க வேண்டிய முட்டைப் பைகள் 5 முதல் 9 மி.மீ.யிலேயே நின்றுபோகும். ஸ்கேனில் "நீர்க்கட்டி" என்று எழுதித் தருவது இவற்றைத்தான். ஆபரேஷன் செய்து எடுக்கிற கட்டி இல்லை, பயப்பட வேண்டாம்.

பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி கருப்பு படர்ந்திருந்தால் அது அழுக்கு இல்லை, இன்சுலின் கூடிக் கிடப்பதன் அடையாளம். பயத்தமாவு போட்டுத் தேய்த்தாலும் போகாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் டேப்பைச் சுற்றுங்கள். 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இந்தப் பிரச்சினை வரும்.

பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதுதான் நம்பகமானது. முந்தின மூன்று நாள் சோற்றைக் குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிட வேண்டும். குடித்த பிறகு காபியும் நடையும் கூடாது. 140 முதல் 199 வரை வந்தால் சர்க்கரைக்கு முந்தைய கட்டம். இன்சுலின் அளவு பார்க்கும் டெஸ்டுக்குப் பணம் கொடுப்பது வீண். லேபுக்கு லேப் மாறும்.

அதிகம் தப்பு நடப்பது, முட்டை வெடித்ததா என்று பார்க்கும் 21ஆம் நாள் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் டெஸ்டில். அந்தக் கணக்கு 28 நாள் சுற்றுக்கு மட்டுமே. 35 நாள் சுற்றென்றால் 28ஆம் நாள் எடுக்க வேண்டும், அதாவது அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்னால். மெடிக்கலில் வாங்கும் முட்டை பார்க்கும் பட்டையும் இவர்களை ஏமாற்றும். எல்ஹெச் எப்போதுமே கூடியிருந்தால் முட்டை வெடிக்காமலே கோடு விழும். மூன்று மாதம் மாதவிலக்கே வரவில்லையென்றால் காத்திருக்காதீர்கள், கருப்பை உட்சவ்வு தடித்துப்போகும்.

சாப்பாட்டில் ஊர்ப் பழக்கத்தையே திருத்தினால் போதும். உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு ஒரு பங்கு அரிசி, ஒரு பங்கு தொலி உளுந்து போடுங்கள். கூடவே எள்ளுத் துவையல், அவியல். கருப்பட்டியை "நல்லது" என்று காபியில் அள்ளிப் போடுவார்கள். அதிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், சீனிக்குச் சொல்லும் கட்டுப்பாடு அதற்கும் உண்டு. உளுந்தங்களியிலும் உளுந்தில் குறையில்லை, கருப்பட்டிப் பாகில்தான் கவனம். எடை கூடியவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெடிப்பு திரும்பிவிடும். 70 கிலோ என்றால் மூன்றரை கிலோ தொடக்கம்.

பீடித் தட்டை மடியில் வைத்துக் காலையிலிருந்து உட்கார்ந்தே இருக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். தசை சுருங்கும்போது இன்சுலின் உதவியில்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டதும் 15 நிமிஷம் நடை; அரை மணிக்கொரு தடவை தட்டை இறக்கிவைத்து நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள்.

இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை 500 மி.கி.யில், சாப்பாட்டோடு தொடங்கி வாரவாரம் கூட்டுவார்கள். எடுத்ததும் அதிக டோஸ் போனால் வயிற்றுப்போக்குதான், அதோடு மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். வருஷக்கணக்கில் எடுத்தால் பி12 பார்க்க வேண்டும். முட்டை வளர முதல் மருந்து லெட்ரோசோல், 2.5 மி.கி., சுற்றின் தொடக்கத்தில் ஐந்து நாள். டாக்டர் பார்வையில் மட்டும். ஃபோலிக் அமிலத்தை கரு தங்குவதற்கு முன்பே தொடங்குங்கள்.

குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள், மாதவிலக்கு ஒழுங்கில்லையென்றால் ஒரு வருஷம் பொறுக்க வேண்டியதில்லை, உடனே டாக்டரிடம் போகலாம். போகும்போது "மவனுக்கு எதுக்குடி டெஸ்ட்?" என்று அத்தை கேட்டாலும், அதே மாதம் கணவருக்கும் விந்துப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட வேண்டும். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குச் சேர வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவருவதென்றால் நேரம் காணாது, லேபிலேயே எடுத்துக் கொடுப்பதுதான் சரி.