கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆச்சா?

ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்துவது என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹில் கிரீன் எழுதியவற்றில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது 1881-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் லிபரல் கட்சிக்காரர்கள் முன்னால் அவர் ஆற்றிய உரையைத்தான். அவர் இறந்தபின் 1883-ல் வெளிவந்த அறவியல் நூலும் இருக்கிறது. அதில் நித்திய உணர்வு ஒன்று நம் மனங்களின் வழியே வெளிப்படுகிறது என்கிறார். அந்த இடம் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

உரையில் தரையில் நிற்கிறார். அயர்லாந்தில் குத்தகை நிலத்தை விட்டால் வேறு கதியில்லாத விவசாயி, நிலவுடைமையாளர் சொன்ன நிபந்தனைக்குத் தலையாட்டுகிறார். அவரே ஒத்துக்கொண்டபின் அரசுக்கு அங்கே என்ன வேலை என்று பழைய லிபரல்கள் கேட்டார்கள். ஒப்பந்தங்களைக் காப்பது அரசின் வேலைதான், ஆனால் ஒரு தரப்பின் இயலாமையால் ஒப்பந்தமே மறைமுக ஒடுக்குமுறை ஆகிவிடாமல் தடுப்பதும் அதன் வேலைதான் என்கிறார் கிரீன். உழைப்பும் விலைபோகும் சரக்குதான், ஆனால் அதை விற்கிறவரின் உடம்பிலிருந்து பிரித்துக் கொடுக்க முடியாத சரக்கு என்றும் சொல்கிறார்.

அவர் கண்ணில், யாரும் தடுக்காமல் இருப்பது மட்டும் சுதந்திரம் ஆகாது. செய்யத் தகுந்ததை மற்றவர்களோடு சேர்ந்து செய்ய முடிகிற ஆற்றலே சுதந்திரம். இங்கேதான் அவருடைய கருத்துமுதல்வாதம், அதாவது மனமே அடிப்படை என்னும் தத்துவம், உதவிக்கு வருகிறது: மனிதர் என்பவர் ஆசைகளின் மூட்டை அல்ல, தான் ஆகக்கூடிய இன்னொரு நல்ல தன்னை மனதில் வைத்திருப்பவர். அந்த நன்மை அடுத்தவருக்கும் கிடைக்காமல் நமக்கு மட்டும் முழுதாகக் கிடைக்காது.

2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படித்தபோது அந்த விவசாயிதான் நினைவுக்கு வந்தார். ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் என்றது நிறுவனத்தின் காகிதம். கட்டணத்தையும் நிபந்தனைகளையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்த்தது நீதிமன்றம். காகிதத்தில் எழுதியிருப்பதிலிருந்து தொடங்கக் கூடாது என்றது. குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுப்பும் ஓட்டுநர்களுக்கு உரிமையாயின.

சரி, அப்புறம் கிரீனின் இந்தச் சுதந்திரத்தைச் சந்தேகித்த தத்துவவாதி ஐசையா பெர்லின். 'உண்மையான தன்' உனக்குள் இருக்கிறது, அது எனக்குத்தான் தெரியும் என்று ஓர் அரசு கிளம்பினால் என்ன ஆகும் என்று 1958-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கேட்டார். நியாயமான பயம். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ், நல்வாழ்வு எது என்று அரசு தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று ஒதுங்கியதும் ஏறக்குறைய இதனால்தான். ஆனால் ரால்ஸின் குடிமக்களுக்கும் தங்களுக்கான நன்மையை வகுத்துக்கொள்ளும் திறனும் நீதியுணர்வும் தேவைப்படுகின்றன. கிரீன் வீட்டு வாசல் அங்கிருந்து ரொம்பத் தூரமில்லை!

எனக்கு உதைப்பது மதுவில். அதே உரையில், அதே வாதத்தை வைத்து மது வியாபாரத்துக்கும் கடிவாளம் கேட்கிறார் கிரீன்; ஆக்ஸ்ஃபோர்டில் மதுக்கடைக்கு மாற்றாகக் காபிக்கடையே திறந்தவர். விவசாயிக்கு எதிரே வலுவான இன்னொரு தரப்பு உட்கார்ந்திருக்கிறது. குடிப்பவருக்கு எதிரே பல நேரம் அவரேதான். முதல் வழக்கில் கிரீனுக்கு என் ஓட்டு. இரண்டாவதில், குடிப்பவரின் வீட்டார் படும் பாட்டை மறக்காமலே, பெர்லின் பக்கம் போய் நிற்கிறேன்.