விழுக்காட்டுக்குள் மறையும் பவளங்கள்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளில், மண்டபத்தையும் கீழக்கரையையும் ஒட்டியவை எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1986இல் இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால், வனத்துறையின் அனுமதி இல்லாமல் இங்கே எவரும் பவளங்களைக் கணக்கெடுக்க முடியாது. அப்படி அனுமதி பெற்ற ஒரு குழுவில் உதவியாளனாகச் சேர்ந்து, தென்மேற்குப் பருவத்தில் வீசும் கச்சான் காற்று எழுந்து நீர் கலங்குவதற்கு முன்பான நாட்களில் நான் கடலில் இறங்கியிருக்கிறேன்.

வேலையைச் சொல்வது எளிது. பாறையின் மேல் 20 மீட்டர் நாடாவைக் கரைக்கு இணையாக விரித்து, அதற்கு நேர் கீழே உயிருள்ள பவளம், இறந்த பவளம், பாசி, மணல் என எது எந்தச் சென்டிமீட்டரில் தொடங்கி எதில் முடிகிறது என்று நீரில் அழியாத பலகையில் குறித்துக்கொண்டே நகர வேண்டும். 2,000 சென்டிமீட்டரில் உயிருள்ள பவளம் 540 என்றால், அந்த இடத்தின் உயிர்ப்பரப்பு 27 விழுக்காடு.

கடினமானது இனம் காண்பதுதான். மன்னார் வளைகுடாவில் 117 வன்பவள இனங்கள் பதிவாகியுள்ளன. கடலுக்குள் இருந்துகொண்டே இனம் வரை துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்று எவரேனும் கூறினால் நான் நம்புவதில்லை. நெருங்கிய இனங்கள் பல சேர்ந்த பேரினம் வரை சொல்லலாம், அதற்கும் கண் பழக வேண்டும். கிளையின் நுனியில், பவள உயிரி குடியிருக்கும் குழி ஒன்று தனியாக இருந்தால் அது மான்கொம்புப் பவளம் எனப்படும் அக்ரோபோரா. மாண்டிபோராவில் அந்த நுனிக்குழி இராது. உருண்டைப் பவளங்களில், அடுத்தடுத்த குழிகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டால் ஃபேவைட்டீஸ், ஒவ்வொன்றுக்கும் தனிச்சுவர் இருந்தால் ஃபேவியா, குழிகள் நீண்டு வளைந்து வாய்க்கால்போல் ஓடினால் பிளாட்டிகைரா. இப்பகுதியின் ஃபேவியா இனங்களை ஆய்வாளர்கள் இப்போது டிப்சாஸ்ட்ரேயா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால், அழியாத ஒன்றை அழிந்ததாக எழுதிவிடுவோம். ஆகவே ஒவ்வொரு பவளக் கூட்டத்தையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவைப்பது அவசியம்.

முதல் கோடையில் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்த மாண்டிபோராக்களை எல்லாம் "இறந்தவை" என்ற பத்தியில் எழுதினேன். படகோட்டி அண்ணன் பலகையைப் பார்த்துவிட்டு, "தம்பி, வெள்ளையாத்தான் இருக்கு, இன்னும் சாகல. செத்தா மேல பாசி புடிச்சிரும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நீர் வெகுவாகச் சூடேறும்போது பவளம் தன் திசுவுக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. மெல்லிய திசுவின் வழியே அடியிலுள்ள எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. வெப்பம் சில வாரங்களில் தணிந்தால் நிறம் திரும்பும், நீடித்தால் பவளம் பட்டினியால் இறக்கும், அதன் மேல் பாசி படரும். அன்றிலிருந்து நிறம் மங்கி வெளிறியது, முழுதும் வெளுத்தது, அண்மையில் இறந்தது, முன்பே இறந்தது என்று நான்காகப் பிரித்தே எழுதுகிறேன்.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெளுப்புகள் இந்தக் கடலையும் தாக்கின. அவற்றில் முதலில் மடிபவை அக்ரோபோரா, மாண்டிபோரா, போசில்லோபோரா போன்றவை. உருண்டையான போரைட்டீஸ் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. எனவே உயிர்ப்பரப்பு 30 விழுக்காடு என்று மட்டும் எழுதினால் உண்மையில் பாதியை விட்டுவிட்டோம் என்பேன். கிளைப்பவளங்களால் ஆன 30 விழுக்காட்டில் குஞ்சு மீன்கள் நுழைந்து ஒளிய ஆயிரம் இடுக்குகள் உண்டு. வெறும் போரைட்டீஸ் உருண்டைகளால் ஆன அதே 30 விழுக்காட்டில் அவ்வளவு இல்லை. இரண்டும் அறிக்கையில் ஒரே எண்ணாக நிற்பது எனக்கு வருத்தமளிக்கிறது. சுண்ணாம்புக் காளவாய்களுக்காக ஒரு காலத்தில் பவளக்கல் எடுத்த இடங்களில் எந்த வகைப் பவளம் என்று எழுதுவது இன்னும் முக்கியம். அடிப்பாறை உடைந்து சரளையாகிவிட்டால் புதிய பவள இளவுயிரி பற்றிக்கொள்ள உறுதியான தளம் கிடைப்பதில்லை.

அடுத்த பருவத்துக்கான படிவத்தைக் குழுவினர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பேரினத்துக்கும் தனி வரி, வெளுப்பின் நிலைக்கு ஒரு பத்தி, ஐந்து சென்டிமீட்டருக்கும் சிறிய இளங்கூட்டங்களின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி எனச் சேர்த்திருக்கிறேன். நீருக்குள் இருக்கும் நேரம் அதனால் கூடும். இரண்டு நாள் அதிகமாகப் படகு வேண்டும் என்று கேட்டிருக்கிறோம்.