அந்தப் பதிலின் பின்பாதி

"மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல தம்பி. நான் எங்க நடக்குறேன், மூச்சு வாங்க?" என்றார்.

'மூச்சுத்திணறல் இல்லை' என்று ஓ.பி. சீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

பின்பாதிதான் உண்மையான பதில் என்பது பதினோரு மாதம் கழித்து அவருடைய சி.டி. படத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இரண்டு நுரையீரல்களின் அடிப்பக்கத்திலும் தழும்பு, ஓரங்களில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். மூட்டோடு நிற்காமல் நுரையீரலிலும் தழும்பு போடக்கூடிய முடக்குவாதம் அவருக்கு வந்து ஒன்பது வருடம், இரண்டு முழங்காலும் போய்விட்டது. மாடி ஏறுவதில்லை, கடைக்குப் போவதில்லை. உட்கார்ந்தே இருப்பவருக்கு மூச்சு வாங்குவது எப்படித் தெரியும்? வறட்டு இருமல் இருந்தது. விறகடுப்புப் புகைதான் காரணம் என்று அவரே சொன்னார், நானும் சரி என்றுவிட்டேன்.

எக்ஸ்ரே எடுத்தேனே என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஆரம்பக்கட்டத் தழும்பு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பது எனக்குத் தெரியாததா? ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு எக்ஸ்ரேயை நம்பாமல் சி.டி.யும் நுரையீரல் செயல்திறன் சோதனையும் செய்யுங்கள் என்றுதான் மூட்டுவாத மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி 2023-ல் சொன்னது. அந்தச் சோதனையிலும் வெறும் ஊதிப் பார்ப்பது போதாது. காற்று ரத்தத்துக்குள் எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் டி.எல்.சி.ஓ.தான் பெரும்பாலும் முதலில் குறையும். அவருக்கு முடக்குவாதத்தைக் காட்டும் ரத்த எதிரணுவான ஆன்ட்டி-சி.சி.பி. மிக அதிகம், வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அந்தச் சோதனைகளுக்கு அனுப்ப வேண்டிய ஆள்தான்.

ஸ்டெதஸ்கோப்பும் வைத்தேன், புடவைக்கு மேல், மேல்முதுகில் இரண்டு இடத்தில். மூச்சை உள்ளே இழுத்து முடிக்கும் நேரத்தில் வெல்க்ரோ செருப்பைப் பிரிக்கிற மாதிரி வரும் அந்தச் சத்தம் கேட்பது அடிமுதுகில். அன்று அங்கே வைத்திருந்தால் கேட்டிருக்குமா? அதுவும் நிச்சயமில்லை.

"வாரம் ஒரு தடவை போடுற மாத்திரைதான் நெஞ்சைக் கெடுத்துடுச்சா சார்?" என்று மகள் கேட்டார். அந்த மாத்திரையான மெத்தோட்ரெக்ஸேட்டால் திடீர் நுரையீரல் அழற்சி வருவது உண்டு, அது அரிது. இந்த மாதிரி மெதுவாக வளரும் தழும்புக்கு அதைக் காரணம் சொல்ல இன்றைய ஆய்வுகள் இடம் தருவதில்லை என்று விளக்கினேன். அப்புறம், "முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா?" என்றார். விழுந்த தழும்பு மறையாது, நின்டெடானிப் போன்ற மருந்துகள் மேலும் பரவும் வேகத்தைத்தான் குறைக்கும் என்றேன். சொன்னது சரிதான். ஆனால் பதினோரு மாதம் முன்பே அந்த வேகத்தைக் குறைத்திருக்கலாமே என்பதை நான் சொல்லவில்லை. அவர்களை நோகடிக்கக் கூடாது என்று சொல்லாமல் விட்டேனா, என்னைக் காத்துக்கொண்டேனா? இன்னும் தெரியவில்லை.

இப்போது, "போன வருஷம் செஞ்ச எந்த வேலையை விட்டுட்டீங்க?" என்று கேட்கிறேன். முடக்குவாதக்காரர்கள் எல்லோரிடமும் அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. மூட்டால் விட்டதா, மூச்சால் விட்டதா என்று அவர்களுக்கும் பிரிக்கத் தெரிவதில்லை. எல்லோரையும் சி.டி.க்கு அனுப்பவும் முடியாது. ஆக, கேள்வியை மாற்றியதில் யாருக்குப் பலன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அந்த அம்மா மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். நான் சொல்வதற்கு முன்பே ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்து, புடவையை விலக்கி, அடிமுதுகைக் காட்டுகிறார். "இன்னிக்கு எப்படிக் கேக்குது தம்பி?" என்கிறார்.