அம்மா போட்ட ‘ஆம்’

அம்மாவை மெல்போர்னுக்குக் கூட்டிவர விசிட்டர் விசாவுக்கு உட்கார்ந்தேன். சப்கிளாஸ் 600, எல்லாம் ஆன்லைன். முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டது. குடும்பப் பெயர் போடாமல் நகர மாட்டேன் என்கிறது.

“குடும்பப் பேருக்கு நான் எங்கல போவேன்? மேலத்தெருக்காரின்னு போடு.”

ஒரே பெயர் உள்ளவர்கள் அதையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுத வேண்டுமாம். எழுதினேன். அடுத்து, வேறு பெயர்களால் அழைக்கப்பட்டதுண்டா என்று கேள்வி. அப்பா கூப்பிட்டதையெல்லாம் அம்மா வரிசையாகச் சொன்னாள். ஒன்றுகூட அரசாங்கத்துக்கு அனுப்புகிற மாதிரி இல்லை.

பேங்க் ஸ்டேட்மென்ட், அழைப்புக் கடிதம், மற்ற கழுதைகள் எல்லாம் போய், விசா வந்தது. ஊருக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பாதி தோட்டம் உள்ளே இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலை, முந்தானைத் துணியில் முடிந்த அவரை விதை, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா.

“இதெல்லாம் அங்கே விடமாட்டாங்கம்மா.”

“பால்கோவா என்னல பாவம் பண்ணுச்சு?”

பயோசெக்யூரிட்டி, பூச்சி, கிருமி என்று அரைமணி நேரம் விளக்கினேன். அம்மா விதை முடிச்சைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்ததுதான் மிச்சம். கடைசியில் அலுத்துப்போய், “அந்த ஊர்ல 1872-க்கு அப்புறம் மாட்டுக்குக் கோமாரி நோயே வந்ததில்லையாம். பாலுல, இறைச்சியில ஏறி வந்துருமோன்னு பயப்படுதாங்க” என்றேன்.

அம்மா முகம் மாறிவிட்டது. “இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? கோமாரி கண்ட வீட்டு ஆளை நம்ம தொழுவத்துல காலு வைக்க விடுவேனா நான்?”

பால்கோவா வெளியே போனது. கறிவேப்பிலையும் விதையும் பின்னாலேயே போயின. அரைமணி நேரப் பிரசங்கத்துக்கு மசியாதவள் ஒரு சொல்லுக்கு மசிந்தாள். பெட்டியில் இட்லிப் பொடி மட்டும். நான் மட்டும், அவள் பார்க்காத நேரத்தில், ஒரு டப்பா பால்கோவாவை என் பைக்குள் தள்ளினேன். ஆசை, என்ன செய்ய.

விமானத்தில், என்னென்ன கொண்டுவருகிறோம் என்று இறங்குமுன் எழுதித்தர ஆரஞ்சு நிற கார்டு தந்தார்கள். கேள்விகளை நான் வாசிக்க, அம்மா பதில் சொன்னாள்.

“கடந்த 30 நாளில் பண்ணைக்கோ, பண்ணை விலங்குகள் கிட்டயோ போனியா?”

“போனியாவா? நேத்துக் காலையில கூட பால் கறந்துட்டுத்தானல வந்தேன்!”

ஆம்.

“மண் ஒட்டின செருப்பு?”

குனிந்து பார்த்தாள். “இருக்கு.”

ஆம்.

இறங்கியதும் எங்களைத் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். ஒரு அதிகாரி கையுறையோடு அம்மாவின் செருப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கூச்சத்தில் நெளிந்தாள். “எம்மா, வெள்ளக்காரன் போய் எஞ்செருப்பைக் கழுவிட்டு வாரானே.”

அதிகாரி இட்லிப் பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு உணவுப்பொருள் உண்டா என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன், கேள்வி புரியாவிட்டாலும் நடப்பது புரிந்த அம்மா என் பையைக் கைகாட்டினாள்.

“அவன் பையில பால்கோவா கெடக்கு. சென்னையிலேயே பாத்துட்டேன். சொல்லுல அவருகிட்ட.”

அதிகாரி என்னைப் பார்த்தார். “என்ன சொல்கிறார்?”

நானேதான் மொழிபெயர்த்தேன். நல்லவேளை, இட்லிப் பொடிக்காக என் கார்டிலும் உணவுக்கு ‘ஆம்’ போட்டிருந்ததால் அபராதம் இல்லை. டப்பா குப்பைத்தொட்டிக்குள் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

“அரைக் கிலோவால?” என்றாள் அம்மா, மெதுவாக.