சோதனைக் காலம் முடிந்த பிறகு கப்பல் பட்டியல்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருக்காரர்களுக்காகவும் உறவினர்களுக்காகவும் ஒரு எக்செல் கோப்பைப் பராமரித்து வருகிறேன். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் 1,52,000-க்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று கப்பல் பட்டியல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர்கள். அவற்றைத் தமிழில் எழுதி, இன்று இங்கே இருக்கும் குடும்பங்களோடு சேர்ப்பதுதான் நான் செய்யும் வேலை. வட ஆற்காட்டில் எந்தக் கிராமம், செங்கல்பட்டில் எந்தக் கிராமம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

என்னிடம் இருந்த பழைய கணினியில் ஆபீஸ் 2010. மெதுவாக ஓடினாலும் வேலை நடந்தது. போன வருஷம் தங்கை மகன் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தான். அதிலேயே புது ஆபீஸ் ஒரு மாதச் சோதனைப் பதிப்பாகப் போட்டு வந்திருந்தது. அந்த மாதத்தில் நிறைய வேலை ஓடியது. குடும்பத் தாளில் பதிவு எண்ணை அடித்தால் போதும், பெரிய பட்டியலிலிருந்து பெயர், கப்பல், கிராமம் எல்லாம் தானாக வந்து உட்காரும்படி எக்ஸ்லுக்அப் சூத்திரம் போட்டேன். பழைய விலுக்அப்பில் தேடும் நெடுவரிசை இடது ஓரத்தில்தான் இருக்க வேண்டும். இதில் அந்தக் கட்டாயம் இல்லை. நல்ல வசதி, அதில் சந்தேகமே இல்லை.

மாதம் முடிந்தது. சந்தா கட்டினால்தான் இனி எழுதலாம், இல்லையென்றால் கோப்பைத் திறந்து பார்க்கலாம், அச்சடிக்கலாம், அவ்வளவுதான். ஓய்வூதியத்தில் இருப்பவனுக்கு வருஷா வருஷம் ரேண்டில் பணம் கட்டுவது கட்டுப்படியாகாது. சரி, பழைய கணினிக்கே போகலாம் என்று கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

பழைய எக்செல் 2010-இல் கோப்பு திறந்தது. எல்லாக் கட்டத்திலும் பெயரும் ஊரும் ஒழுங்காகத் தெரிந்தன. இந்த இடத்தைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். அங்கே தெரிவது, புது எக்செல் கடைசியாகக் கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போன விடை. எக்ஸ்லுக்அப் என்றால் என்னவென்று 2010-க்குத் தெரியாது. அந்தக் கட்டத்தைத் தொடாதவரை பழைய விடையைக் காட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் மறுபடி கணக்குப் போடப் பார்க்கும், முடியாது.

அன்று பக்கத்து வீட்டு அக்கா என் அருகில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாத்தாவின் பதிவு எண்ணில் ஒரு இலக்கம் தவறு, பழைய காகிதத்தைப் பார்த்து நேரிலேயே சொன்னார். எண்ணைத் திருத்தி என்டர் தட்டினேன். கிராமம் இருந்த கட்டத்தில் ஒரு ஹேஷ் குறியும் நேம் என்ற சொல்லும் கேள்விக்குறியும் வந்து நின்றன. "தம்பி, எங்க தாத்தா ஊரு எங்கப்பா போச்சு? இப்பத்தானே இருந்துச்சு!" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. கட்டத்தைத் தேர்ந்தெடுத்து மேலே சூத்திரப் பட்டையைப் பார்த்தால், எக்ஸ்லுக்அப்புக்கு முன்னால் அண்டர்ஸ்கோர் போட்டு எக்ஸ்எல்எஃப்என் என்று ஒட்டியிருக்கிறது. தனக்குத் தெரியாத புதுச் சூத்திரத்தைப் பழைய எக்செல் இப்படித்தான் காட்டும். கன்ட்ரோல் இசட் அடித்தால் எண் பழையபடி வரும், ஊர் வராது. சேமிக்காமல் மூடியதால் பென்டிரைவில் இருந்த கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. புது லேப்டாப்பில் லிப்ரெஆபீஸ் இறக்கிப் போட்டேன். அது இலவசம், காலக்கெடு கிடையாது. 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பிலிருந்து அதற்கு எக்ஸ்லுக்அப் தெரியும். அதில் கோப்பைத் திறந்ததும் சூத்திரங்கள் உயிரோடு வேலை செய்தன. அக்காவின் தாத்தா ஊரும் திரும்பி வந்தது, திருத்திய எண்ணுக்கு உரிய சரியான ஊர். அப்புறம் சூத்திரங்களை இண்டெக்ஸ், மேட்ச் இரண்டையும் சேர்த்து எழுதும் பழைய முறைக்கு மாற்றினேன். அந்த இரண்டும் எந்த எக்செல்லிலும் ஓடும். இனி மாறவே போவதில்லை என்ற குடும்பங்களுக்குச் சூத்திரமே வேண்டாம் என்று மதிப்பை மட்டும் ஒட்டிவிட்டேன். லிப்ரெஆபீஸ் வேண்டாம் என்பவர்கள் இணைய உலாவியில் கிடைக்கும் இலவச எக்செல்லிலும் இதைச் செய்யலாம். எங்கள் பகுதியில் டேட்டா விலையும் மின்வெட்டும் சேர்ந்து அந்த வழியை எனக்குச் சிரமமாக்கிவிட்டன.

ஆனால் கப்பல் பட்டியலுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது தேதி. எக்செல்லுக்கு 1900 ஜனவரி 1-க்கு முந்தைய தேதி கிடையாது. ட்ரூரோ வந்த நாளை அடித்தால் அதைத் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். லிப்ரெஆபீஸோ 1860-ஐயும் உண்மையான தேதியாக எடுத்துக்கொள்ளும். ஆகவே எக்செல்லில் அடித்த பழைய வரிகள் எழுத்தாகவும், லிப்ரெஆபீஸில் புதிதாக அடித்த வரிகள் தேதியாகவும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கப்பல் வந்த வரிசையில் அடுக்கச் சொன்னால்தான் தேதிகள் ஒரு கூட்டமாகவும் எழுத்துகள் இன்னொரு கூட்டமாகவும் பிரிந்து நிற்கும். அதையே சேமித்து எக்செல்லில் திறந்தால் அந்தத் தேதிகள் இருந்த இடத்தில் கட்டம் முழுக்க ஹேஷ் குறிகள். ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று நெடுவரிசையாகப் பிரித்து எண்களாக வைப்பதே இதற்குச் சரியான வழி. பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் எல்லாருக்கும் இதை அழுத்திச் சொல்வேன்.

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். எந்தத் தனி மென்பொருளும் இல்லாமல் படிக்கக்கூடிய ஒரு நகல் வேண்டும் என்றால் சிஎஸ்வி கோப்புதான், அதாவது கட்டங்களுக்கு நடுவே ஒரு பிரிப்பான் குறி மட்டும் போட்ட வெறும் எழுத்துக் கோப்பு. எக்செல் 2010-இல் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். வாலாஜா, ஆரணி, திருவள்ளூர் எல்லாம் கேள்விக்குறி. பிறகு எதைச் செய்தாலும் அந்தக் கோப்பிலிருந்து எழுத்து திரும்பாது, ஏனென்றால் அதில் எழுத்தே இல்லை. புதுப் பதிப்புகளில் யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று, தமிழ் எழுத்தையும் காப்பாற்றும் குறியாக்கத்தோடு தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. 2010-இல் அது கிடையாது, யூனிகோட் டெக்ஸ்ட் என்பதைத்தான் எடுக்க வேண்டும். லிப்ரெஆபீஸில் சேமிக்கும்போதே எந்தக் குறியாக்கம், எந்தப் பிரிப்பான் என்று தேர்ந்தெடுக்க முடிகிறது. தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள விண்டோஸில் தசமத்துக்குக் காற்புள்ளி போய்விடுவதால் எக்செல்லின் சிஎஸ்வியில் பிரிப்பானாக அரைப்புள்ளி வரும். சென்னையில் இருக்கும் நண்பருக்கு அனுப்பும்போது இதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

டோங்காட்டில் உள்ள உறவினர் ஒருவர் இன்னும் ஆபீஸ் 2003 வைத்திருக்கிறார். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் கேட்டார். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். புது வடிவத்தில் 10,48,576. மொத்தப் பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் வழியாக வந்தவர்கள், அது மட்டுமே லட்சத்தைத் தொடும். அப்படியே எக்ஸ்எல்எஸ்ஸாகச் சேமித்தால் மிச்ச மனிதர்கள் கோப்பிலிருந்து விழுந்துவிடுவார்கள். எக்செல் எச்சரிக்கும், உண்மைதான், ஆனால் அவசரத்தில் அந்தப் பெட்டியைப் படிக்காமல் சரி என்று அழுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்பாகக் கொடுத்தேன். ஆபீஸ் 2003-இலேயே புது வடிவத்தைத் திறக்க உதவிய இலவசப் பொதி ஒன்று முன்பு இருந்தது. 2018-இல் அதைத் தருவதை நிறுத்திவிட்டார்கள்.

கோப்பு வடிவம் என்பது கணினிக்காரர்கள் மட்டும் பேசும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டு அரசாங்கமே இதைப் பேசியிருக்கிறது. அரசு அலுவலகக் கணினிகளுக்கான பொது விதிகளில் ஓடிஎஃப் என்ற திறந்த வடிவத்தை 2007-இல் சேர்த்தார்கள். அடுத்த வருஷம், எக்செல்லும் வேர்டும் பயன்படுத்தும் எக்ஸ்எம்எல் வடிவத்தை உலகத் தரநிலையாக ஏற்ற முடிவை எதிர்த்துத் தென்னாப்பிரிக்கா மேல்முறையீடு செய்தது. பிரேசில், வெனிசுவேலாவோடு இந்தியாவும் மேல்முறையீடு செய்தது. அந்த ஆகஸ்டில் எல்லாம் தள்ளுபடியாகின. தோற்றாலும் கேட்ட கேள்வி நியாயமானது: நான் எழுதியதை இருபது வருஷம் கழித்து எவருக்கும் காசு கொடுக்காமல் நானே திறக்க முடியுமா? 1860-இல் மையால் எழுதிய தாளை இன்றும் கண்ணால் படிக்க முடிகிறது. அந்தத் தாளிலிருந்து நான் எடுத்து எழுதியது அதைவிட முன்னால் அழிந்துபோக நான் விடமாட்டேன்.

ஆகவே இப்போது எல்லாவற்றையும் மூன்று வடிவத்தில் வைக்கிறேன்: வேலை செய்ய எக்செல்லின் புது வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ், கூடவே ஓடிஎஃப்பின் அட்டவணை வடிவமான ஓடிஎஸ், பாதுகாப்புக்கு யூடிஎஃப்-8 சிஎஸ்வி. ஓடிஎஸ்ஸை எக்செல் 2010-ம் திறக்கும். உங்கள் லேப்டாப்பில் சோதனைப் பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், சேமிக்க முடிகிற நாட்களிலேயே இந்த நகல்களை எடுத்துவிடுங்கள். பழைய கணினியில் ஒரு முறை திறந்து, ஒரு எண்ணை மாற்றி என்டர் தட்டியும் பாருங்கள். திறந்து பார்ப்பது மட்டும் போதாது.

அக்காவுக்கு அவர் தாத்தாவின் வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டேன். 1880-களின் கப்பல்களில் தேதி நெடுவரிசை இன்னும் கலந்துதான் கிடக்கிறது, அதைப் பிரித்து முடிக்கும்வரை அந்தப் பத்தாண்டை யாருக்கும் அனுப்பவில்லை. கேட்டிருந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.